மேனுவல் மட்டும்தான்

அந்தத் தெருவில் நிற்கிற பதினோரு கார்களில் ஒன்பது, கண்ணாடிக்காரர் வாயிலிருந்து வந்தவை. மீதி இரண்டில் ஒன்று அவர் அங்கே குடிவருவதற்கு முன்பே வந்துவிட்டது. அதற்கு அவர் பொறுப்பில்லை. இன்னொன்றை அதன் சொந்தக்காரர் இவரைக் கேட்காமல் வாங்கிவிட்டார். அந்த வண்டி எங்கே மக்கர் பண்ணினாலும், தள்ள வருகிறவர்கள் “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?” என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார்கள்.

கண்ணாடிக்காரர் வீட்டு வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்ட் நிற்கிறது. பக்கத்தில் மனைவியின் சைக்கிள். கார் கிடையாது. ஏன் என்று யாராவது கேட்டால் அவர் கோபித்துக்கொள்வதில்லை. “ஒப்பீடு இன்னும் முடியல” என்பார். ஒன்பது வருடமாக அதே பதில். அதில் இருக்கிற நிதானத்தைப் பார்த்ததும், தான்தான் அவசரப்பட்டு வாங்கிவிட்டோமோ என்று கேட்டவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அவருக்கு வேலை கடைத்தெருவில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில். ஜன்னல் இல்லாத அறை. ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் விளக்கு எரிகிற பலகையில் எழுத்து வரிசை, மேஜை மேல் திறந்த பெட்டியில் நூற்றுக்கணக்கான வட்ட வில்லைகள். கண் காட்ட வந்தவர் மூக்கில் கனமான இரும்பு பிரேம் ஒன்றை மாட்டி, வில்லைகளைப் போட்டும் எடுத்தும், “இது தெளிவா இருக்கா, இதுவா? ஒன்னா, ரெண்டா?” என்று கேட்பார். அங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள். பரீட்சையில் தப்பாக எழுதிவிடுவோமோ என்கிற முகத்தோடு “இன்னொரு தடவை காட்டுங்க” என்பார்கள். கடைசியில், திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி, “ரெண்டும் ஒரே மாதிரிதான் சார் இருக்கு” என்று இழுப்பார்கள். அவருக்கு வேண்டியதே அந்தப் பதில்தான். இரண்டும் ஒரே மாதிரி தெரிகிற இடத்தில் கண்ணின் கணக்கு முடிகிறது. “அவ்வளவுதான், முடிஞ்சுது” என்று எழுதிக் கொடுத்துவிடுவார். ஒரு கண்ணுக்கு நாலு நிமிடம்.

காருக்கு ஒன்பது வருடம்.

அந்த ஒப்பீடு வீட்டுக் கணினியில் ஒரு பட்டியலாக இருக்கிறது. முப்பத்தொரு பத்திகள். எந்தக் கார் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்பதில் தொடங்கி, பின்கதவை மூடும்போது வருகிற சத்தம் ‘டப்’பா ‘டொப்’பா என்பது வரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடி வீட்டு வாத்தியார் அந்தப் பட்டியலைத் தரிசிக்க இறங்கி வந்தார். கணக்கு வாத்தியார், ஆனாலும் குழம்பிப் போயிருந்தார்.

“எல்லாத்துலயும் ஹைப்ரிட்னுதான் எழுதியிருக்கான். கேட்டா மைல்டுங்கறான், ஸ்ட்ராங்குங்கறான். கார் விக்கறானா, காப்பி விக்கறானா?”

“உக்காருங்க சார். ஹைப்ரிட்னா பெட்ரோல் இன்ஜினும் கரண்ட் மோட்டாரும் ஒரே வண்டியில குடித்தனம் பண்றது. குடும்பத்தை வெச்சே சொல்லிடறேன்.” கண்ணாடிக்காரர் சோபாவில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். நீண்ட விளக்கத்துக்கு அவர் உட்காருகிற விதம் அது. “மைல்டு ஹைப்ரிட் இருக்கே, அது வீட்டு வேலையில உதவி பண்றேன்னு சொல்லிக்கிற புருஷன். சமைக்கறது என்னவோ இன்ஜின்தான். மோட்டார் பக்கத்துல நின்னு கரண்டி எடுத்துக் குடுக்கும். சிக்னல்ல இன்ஜின் அணைஞ்சா திரும்ப எழுப்பி விடும். தனியா வண்டியை நகர்த்துன்னா அதால ஒரு அடி முடியாது.”

“ஸ்ட்ராங்?”

“அது ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு. மெதுவா போறப்ப மோட்டார் மட்டுமே இழுக்கும். வேகம் எடுத்தா இன்ஜின் வந்து சேர்ந்துக்கும். பிரேக் போடறப்ப வீணாப் போறதைப் பிடிச்சு பேட்டரிக்கு அனுப்பிடும். நடுவுல பல்சக்கரக் கூட்டம் ஒன்னு உக்காந்துக்கிட்டு, யாருக்கு எவ்வளவு வேலைன்னு பிரிச்சுக் குடுக்கும். உள்ள இருக்கறவனுக்கு இப்ப யார் இழுக்கறாங்கன்னே தெரியாது.”

“பிளக்-இன்னுன்னு ஒன்னு?”

“அம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்த மனுஷன் சார் அது. அங்க பிளக்ல சொருகி நல்லா சார்ஜ் ஏத்தி அனுப்பினா அம்பது கிலோமீட்டர் சொன்ன பேச்சு கேக்கும். சார்ஜ் தீர்ந்துட்டா, அவ்வளவு பெரிய பேட்டரியைத் தூக்கிக்கிட்டு வழி பூரா முனகும்.”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “சார், அந்த மைல்டைப் பத்தி அவர் சொல்றதை அப்படியே நம்பலாம். சொந்த அனுபவம்.”

வாத்தியார் சிரித்துவிட்டு, எழுந்திருக்கும்போது கேட்டார். “நீங்க எதை எடுக்கப் போறீங்க?”

“ஸ்ட்ராங்தான். ஆனா மேனுவல் கியரோட வரணும். வந்த அன்னிக்கே எடுத்துடுவேன்.”

வாத்தியார் தலையை ஆட்டிக்கொண்டே மாடிக்குப் போனார். பல்சக்கரக் கூட்டம் தானே வேலையைப் பிரித்துக் கொடுக்கிற வண்டியில் கையால் மாற்றக் கியரே இருக்காது என்பது ஐந்து நிமிடத்துக்கு முன்னால் இவரே சொன்ன விளக்கத்தில் அடங்கியதுதான். அதற்குக் கியர் கம்பி கேட்பது மீனுக்குச் செருப்பு அளவெடுக்கிற காரியம். ஆனால் நிபுணர் காத்திருக்கிறார் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா? அந்த மாதமே வாத்தியார் வெள்ளை நிறத்தில் ஒரு ஸ்ட்ராங் ஹைப்ரிட் வாங்கி, கண்ணாடிக்காரர் வீட்டைத் தாண்டி நிறுத்தத் தொடங்கினார்.

மேனுவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கண்ணாடிக்காரர் வேறு ஆள். கையில் ஒரு குடை இருந்தால் போதும். குடையின் வளைந்த பிடி கியர் ஆகிவிடும். பெரும்பாலும் அதைக் கேட்க மாட்டிக்கொள்பவன் மனைவியின் தம்பி. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி; காலையிலிருந்து சாயங்காலம் வரை பழைய நீல நிற மேனுவல் கார் ஒன்றில் மருத்துவமனை மருத்துவமனையாக ஓடுகிறவன்.

“கார் நம்மகிட்ட பேசணும் மாப்ள. ஏத்தத்துல முனகும். என்னால முடியலப்பாங்கும். அப்ப நீ மூணுலேர்ந்து ரெண்டுக்கு இறக்கறே பாரு” என்று சோபாவில் சப்பணம் போட்டபடியே குடையை இழுப்பார், “ஒரு பெருமூச்சு விட்டு ஏறும் பாரு! ஆட்டோமேட்டிக்ல அந்தப் பேச்சே கிடையாது. எல்லாத்தையும் அதுவே முடிவு பண்ணிட்டு நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்றதுகூட இல்ல.”

“பேசறது எல்லாம் சரி மாமா. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கிளட்சை மிதிக்கறேன். இடது முழங்கால் என்கிட்ட தனியா பேச ஆரம்பிச்சிடுச்சு.” சொல்லும்போதே நாற்காலிக்கு அடியில் அவனுடைய இடது கால் தரையை அழுத்தி அழுத்தி விடும். குடை நகரும்போதெல்லாம் அந்தக் கால் அழுத்தும். கடைசியில் கண்ணாடிக்காரர் அவனுக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டையே சிபாரிசு செய்தார். உன் முழங்காலுக்கு அதுதான் சரி, மேனுவலின் அருமை தெரிந்தவர்கள் மேனுவலைப் பார்த்துக்கொள்வோம் என்றார்.

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. கண்ணாடிக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது.

இருபத்திரண்டு வயதில் மூன்று தடவை தேர்வுக்குப் போனார். மூன்று தடவையும் ஒரே மேட்டில் தோற்றார். ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் சரியாமல் கிளப்ப வேண்டும். கிளட்சைப் பாதி விட்டு, பாதி பிடித்து, வண்டி போகவும் மாட்டாமல் சரியவும் மாட்டாமல் நிற்கிற அந்த ஒரு நொடியைக் கண்டுபிடிக்க வேண்டும். ஹாஃப் கிளட்ச் என்பார்கள். அந்த நொடி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை வண்டி நிதானமாகப் பின்னால் இறங்கி, தேர்வாளரின் ஸ்கூட்டரை அலுங்காமல் குலுங்காமல் சாய்த்துப் படுக்கவைத்தது. “தம்பி, ஏத்தமே இல்லாத ஊரா பார்த்துக் குடிபோயிடுங்க” என்று சொல்லிக் காகிதத்தைக் கையில் கொடுத்தார் அவர்.

பத்து வருடம் கழித்து, கடையின் இருட்டறை நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. “ஒன்னா, ரெண்டா?” என்று கேட்டு முடிப்பதற்குள் “ரெண்டு” என்றாள். அடுத்ததற்கு “ஒன்னு”. ஒரு தடவைகூட ‘இன்னொரு தடவை காட்டுங்க’ என்று சொல்லவில்லை. அப்படி ஒருவரை அவர் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாவது சந்திப்பில், பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது, “நீங்க கார் ஓட்டுவீங்களா?” என்று சும்மா கேட்டாள்.

“மேனுவல் மட்டும்தான்” என்றார் அவர்.

‘மட்டும்தான்’ நின்ற கம்பீரத்தில், பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய ‘ஓட்டுவேன்’ இல்லாமல் போனதை அவள் கவனிக்கவில்லை என்று பதினாலு வருடமாக நம்பிவந்தார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. ஹைப்ரிட் காரை ஓட்டிப் பாருங்கள் என்றால், “நான் மேனுவல்காரன்.” மேனுவல் கார் விலைக்கு வருகிறது என்றால், “இனிமே வாங்கினா ஹைப்ரிட்தான்.” இரண்டு சாக்குகளும் ஒன்றுக்கொன்று தோள் கொடுத்தன. எந்த நேரத்தில் எது இழுக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரியவில்லை. அந்த வகையில் அவரே ஒரு நல்ல ஸ்ட்ராங் ஹைப்ரிட்.

ஒரு திங்கட்கிழமை மனைவி ஒரு கடிதத்தோடு வந்தாள். ஊருக்கு வெளியே மேட்டின் மேல் புதிதாகத் திறக்கிற தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனைக்கூடத்துக்கு அவளைத் தலைமைப் பொறுப்பில் போடுகிறார்கள். பதினோரு வருடமாக அவள் காத்திருந்த பதவி. இருபத்திரண்டு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்கு முதல் மாதிரித் தண்ணீரை எடுக்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே பேருந்து போகாது. அதனால் கடிதத்தோடு ஒரு படிவமும் இருந்தது. சொந்த வாகனம், உண்டு அல்லது இல்லை. ஓட்டுபவர் பெயர். உரிம எண். வெள்ளிக்கிழமை காலைக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

“கார் எப்படியும் வந்துடும்” என்றாள். “உங்க பட்டியல்தான் இருக்கே. லைசன்ஸ் நம்பர் மட்டும் குடுங்க.”

“எங்கயோ பத்திரமா வெச்சேன். தேடித் தரேன்.”

தேடினார். இல்லாத பொருளை அவ்வளவு நேர்மையாகத் தேடிய மனிதர் வேறு ஒருவர் இருக்க முடியாது. அலமாரியைக் கவிழ்த்தார். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தார். நாலு வருடமாகக் காணாமல்போயிருந்த கத்தரிக்கோல் கிடைத்தது. அவளுடைய ஒற்றைக் கம்மல் கிடைத்தது. வேர்த்து விறுவிறுத்து, நிஜமாகவே எரிச்சலோடு, “இந்த வீட்டுல ஒரு பொருள் வெச்ச இடத்துல இருக்கறதில்ல” என்றார்.

புதன்கிழமை மாலை அவள் அவரைக் கார்க் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விற்பனைப் பெண் வெள்ளை ஸ்ட்ராங் ஹைப்ரிட் ஒன்றின் கதவைத் திறந்து பிடித்தாள்.

“ஓட்டிப் பாருங்க சார்.”

“வேண்டாம்மா. மேனுவல் பழகின கை. இதைத் தொட்டா கெட்டுடும்.”

“ஸ்டார்ட் பண்ணியாவது பாருங்களேன்” என்றாள் மனைவி.

கடைக்குள் நிற்கிற வண்டி எங்கேயும் போய்விடாது என்ற தைரியத்தில் உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்துப் பொத்தானை அழுத்தினார். விளக்குகள் எரிந்தன, சத்தம் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி. நாலாவது தடவையும் அழுத்திவிட்டு, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியவராக, “பேட்டரி போயிடுச்சு போல. இன்னொரு நாள் வரோம்” என்றார்.

“ஸ்டார்ட் ஆச்சு சார். நீங்க அணைச்சிட்டீங்க. திரும்ப ஸ்டார்ட் ஆச்சு, திரும்பவும் அணைச்சிட்டீங்க. இது சத்தம் போடாது சார், பேட்டரியில நிக்கும்.”

அவருடைய பட்டியலில் பதினேழாவது பத்தியின் தலைப்பே ‘சத்தமில்லாத ஸ்டார்ட்’. மனைவி கடையின் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தாள். அவளுடைய தோள் லேசாகக் குலுங்கியது. சளி பிடித்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மாலை அவள் கணினி முன்னால் உட்கார்ந்து அந்தப் பட்டியலை முதல்முறையாக முழுதும் படித்தாள்.

“முப்பத்தொரு பத்தி இருக்கு. ‘எங்க போகணும்’னு ஒரு பத்தி இல்லையே?”

அவர் யோசித்தார். நியாயமான குறைதான். குனிந்து முப்பத்திரண்டாவது பத்தியைச் சேர்த்தார்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். அவர் பின்னாலேயே போய்ச் சமையலறை வாசலில் நின்றார். சொல்லிவிடலாம். நாலே வார்த்தை. அவளுக்கு இந்தப் பதவி கைநழுவிப் போனால் அதற்கு மேட்டையோ தேர்வாளரையோ குறை சொல்ல முடியாது. தொண்டையைக் கனைத்தார்.

“உன்கிட்ட ஒன்னு சொல்லணும்.”

அவள் உடனே குழாயை மூடினாள். திரும்பி நின்று, சோப்பு நுரை சொட்டுகிற கையோடு, காத்திருந்தாள். அப்படி ஒரு கவனத்தோடு அவள் பார்த்து ரொம்ப நாளாயிற்று.

“அந்த பிளக்-இன்னைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடலாம்னு நினைக்கறேன்” என்றார்.

அவள் மறுபடி குழாயைத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். மச்சினன் பழைய நீலக் காரிலிருந்து இறங்கி, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வந்தான்.

“மாமா! உங்க பேச்சைக் கேட்டு ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடுத்துட்டேன். நேத்துதான் வந்துது. என் முழங்கால் உங்களுக்குக் கோயில் கட்டப் போறேங்குது. இது உங்களுக்கு. நாலு பேர் கேட்டாங்க, குடுக்கல. மேனுவலோட அருமை தெரிஞ்சவர் எங்க வீட்லயே இருக்காருன்னு சொல்லிட்டேன்.”

அவர் சிபாரிசு செய்த ஹைப்ரிட், அவரே புகழ்ந்த மேனுவலைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தது. இரண்டு சாக்குகளும் ஒரே நாளில் கைகழுவிவிட்டன.

“அக்காவை ஆபீஸ்ல விட்டுட்டு வாங்க மாமா. படிவம் இன்னிக்குக் கடைசி நாளாமே.”

மனைவி பையைத் தோளில் மாட்டி, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். மாடி வீட்டு வாத்தியார் பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தார். அந்தத் தெரு ஏற்றமான தெரு. பதினாலு வருடமாக அதில் நடந்து ஏறுகிறவருக்கு, அது இவ்வளவு செங்குத்து என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் ஏறினார். முதலில் கண்ணாடியைச் சரிசெய்தார். அது அவர் தொழில். நூலளவு பிசகாமல் சரிசெய்தார். பிறகு பக்கவாட்டுக் கண்ணாடி இரண்டையும். பிறகு மறுபடி நடுக் கண்ணாடியை.

“மாமா, முகச்சவரம் பண்ணப் போறீங்களா?” என்றான் மச்சினன்.

சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. கிளட்சை விட்டார், வண்டி தவளை மாதிரி ஒரு துள்ளு துள்ளிச் செத்தது. இரண்டாவது தடவை துள்ளாமலே செத்தது. மூன்றாவது தடவை ஹாண்ட் பிரேக்கை இறக்கினார். வண்டி மிக நிதானமாக, அவருக்கு நன்றாகப் பழக்கப்பட்ட திசையில், பின்னால் போக ஆரம்பித்தது. பின்னால் வாத்தியாரின் வெள்ளைக் கார். மனைவியின் கை வந்து ஹாண்ட் பிரேக்கை இழுத்தது. ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது.

“என்ன சார், ரிவர்ஸ் கியர் டெஸ்ட்டா?” என்று வாய் நிறைய நுரையோடு மேலிருந்து கேட்டார் வாத்தியார்.

கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “எனக்கு ஓட்டத் தெரியாது. லைசன்ஸும் கிடையாது. தேடினது சும்மா.”

“தெரியும்” என்றாள் மனைவி.

அவர் திரும்பிப் பார்த்தார். “எப்பலேர்ந்து?”

“கல்யாணம் ஆன ரெண்டாவது மாசத்துலேர்ந்து. அதோ, உங்க மாப்ளையைப் பாருங்க.”

வெளியே ரோட்டில் நின்ற மச்சினன், இவர் வண்டியைக் கிளப்பப் பட்ட பாட்டைப் பார்த்து, தனக்கே தெரியாமல் இடது காலால் தரையை அழுத்தி மெல்ல விட்டுக்கொண்டிருந்தான். வண்டி நின்ற பிறகும் கால் நிற்கவில்லை.

“மேனுவல் ஓட்டறவங்களுக்கு அந்தப் பேச்சு வந்தாலே கால் தானா கிளட்சுக்குப் போயிடும். கையும் காலும் சேர்ந்துதான் போகும். நீங்க பதினாலு வருஷமா சப்பணம் போட்டுக்கிட்டே கியர் மாத்தறீங்க.”

அவர் தன் இரண்டு கால்களையும், புதிதாக முளைத்தவை மாதிரி, குனிந்து பார்த்தார்.

“ஒரு தடவையாவது நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். நேத்து குழாயை மூடிட்டு நின்னேன். என்னைவிட அந்த பிளக்-இன்னுதான் உங்களுக்கு அவசரமாப் போச்சு.” குரலில் கோபம் குறைவு, களைப்புத்தான் அதிகம். “சரி, இறங்குங்க. இந்தப் பக்கம் வாங்க.”

அவள் சுற்றி வந்து, படிவத்தைக் காரின் பானெட் மேல் வைத்து, வாகனம் ‘உண்டு’ என்று கோடிட்டாள். ஓட்டுபவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். உரிம எண்ணை எங்கேயும் பார்க்காமல் மனப்பாடமாக எழுதினாள்.

கண்ணாடிக்காரர் அந்த எண்ணையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு மாசமா காலையில வாக்கிங் போனியே…”

“இவன்தான் சொல்லிக் குடுத்தான். இதே வண்டியில. பயிற்சிக்கூடத்துலயும் சேர்ந்தேன்.”

“அதான் வாக்கிங் போயும் எடை குறையலயா?”

“அதைக் கவனிச்சீங்க பாருங்க” என்றாள். ஆனால் சிரித்துவிட்டாள்.

அவள் வண்டியைக் கிளப்பினாள். ஹாண்ட் பிரேக்கை இறக்கிய அந்த நொடியில் கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டி பின்னால் போகவில்லை. முன்னாலும் போகவில்லை. லேசாக நடுங்கிக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் நின்றது. இருபத்திரண்டு வயதில் கிடைக்காத அந்த நொடி இதுதான் என்று அவருக்குப் புரிந்தது. பிறகு வண்டி வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது. பால்கனியில் வாத்தியார் பிரஷோடு கையைத் தட்டினார்.

தெருமுனை திரும்பியதும் அவர் கேட்டார். “தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா நீங்க வெக்கப்பட்டுப் பேச்சை நிறுத்திடுவீங்க. ஒன்பது வீடு உங்க பேச்சை நம்பி இருக்கு.” கொஞ்ச தூரம் போனதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வேறு குரலில் சொன்னாள். “இன்னொன்னும் இருக்கு. நான் ஆட்டோமேட்டிக்லயே கத்துக்கிட்டிருக்கலாம். அது சுலபம். நீங்க குடையை வெச்சுக்கிட்டு சொன்னதை இத்தனை வருஷம் கேட்டுக் கேட்டு, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கத்தான் இதுல சேர்ந்தேன். நீங்க சொன்னது சரிதான். ஏத்தத்துல ரெண்டாவதுக்கு இறக்கினா நிஜமாவே பெருமூச்சு விடுது.”

“விடுதா?” என்றார் கண்ணாடிக்காரர், உண்மையான ஆச்சரியத்தோடு. அது அவர் எங்கேயோ படித்தது.

அடுத்த ஏற்றம் வந்தது. வண்டி முனகியது. அவள் கை கியருக்குப் போனது. பக்கத்து இருக்கையில் அவருடைய இடது கால், கீழே ஒன்றுமே இல்லாத இடத்தில், பலமாக ஒரு மிதி மிதித்தது.

“ஆங்” என்றாள் மனைவி, “இப்ப ஆடுது.”

படிவம் எட்டு மணிக்கு மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவள் காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பி மேட்டுக்குப் போகிறாள். தெருவில் கார் கேட்டு வருகிறவர்கள் குறையவில்லை. ஓட்டத் தெரியாதவருக்கு எந்த வண்டி மேலும் பாசம் இருக்காது, அதனால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று வாத்தியாரே எல்லோரிடமும் விளக்கிவிட்டார். கேட்காமல் கார் வாங்கினாரே ஒருவர், அவர்கூட இந்தத் தடவை வந்து பட்டியலைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கண்ணாடிக்காரர் தன் இருட்டறையில், தன் நாற்காலியில், முதல்முறையாக உட்கார்ந்தார். பயிற்சி உரிமத்துக்குக் கண் சான்றிதழ் வேண்டும். எத்தனையோ பேருக்கு அதில் கையெழுத்துப் போட்டவர்; தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்து அறையில் கண் பார்க்கிற பெண் அவர் மூக்கில் அந்த இரும்பு பிரேமை மாட்டினாள். அது இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

“ஒன்னா, ரெண்டா சார்?”

“இன்னொரு தடவை காட்டும்மா.”

“ஒன்னு… ரெண்டு.”

“கொஞ்சம் பொறு. அந்த முதலாவதை மறுபடி போடு.”

“சார், நீங்களே இப்படிப் பண்ணலாமா?”

வெளியே மனைவியின் ஹாரன் கேட்டது. பயிற்சிக்கூடம் நாலு மணிக்கு மூடிவிடும். ஒரு குட்டி ஹாரன், அப்புறம் கொஞ்சம் பெரிய ஹாரன்.

“ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார் அவர், மெல்ல.

“அவ்வளவுதான் சார். முடிஞ்சுது.” அவள் பேனாவை எடுத்துப் படிவத்தின் கீழ்ப்பகுதிக்கு வந்தாள். “இங்க வண்டி வகை கேட்டிருக்கான். ஆட்டோமேட்டிக்னு போட்டா அது மட்டும்தான் ஓட்டலாம். மேனுவல்னு போட்டா ரெண்டும் ஓட்டலாம். எது போடட்டும்?”

கண்ணாடிக்காரர் இரும்பு பிரேமைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

“மேனுவல்” என்றார். ‘மட்டும்தான்’ என்று ஏதோ வாய்வரைக்கும் வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டார்.